நாலுகாலும் ஒழிந்துபோன பன்னிரண்டு குழுக்களும்

உட்காருவதற்கு முன் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிடுவார். பல் டாக்டரின் வரவேற்பறையோ, மச்சினன் வீட்டுக் கூடமோ, எதுவானாலும் முதலில் நாற்காலி தலைகீழாகும். அடியில் எண் இருக்கிறதா, திருகாணி இறுகியிருக்கிறதா, நாலு காலும் ஒரே உயரமா என்று பார்ப்பார். கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். பிறகுதான் உட்காருவார். ஒருமுறை கன்னம் வீங்கிப் பேச்சே வராமல் பல் டாக்டரிடம் போனபோதும் விடவில்லை. நாற்காலியைக் கவிழ்த்துவிட்டு, இடது பக்கம் பின்னால் ஒன்று ஆடுகிறது என்று சைகை காட்டியிருக்கிறார். டாக்டர் அந்தப் பல்லைப் பிடித்துக்கொண்டார். நல்ல பல் தப்பித்தது பெரும்பாடு.

நகர மன்றக் கட்டடத்தில் பொருள் அறைக் காப்பாளர் என்பது அவர் பதவி. அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. மேலதிகாரி முதல் பெருக்குகிறவள் வரை எல்லாருக்கும் அவர் நாலுகால். அவர் மனைவிக்கும் அப்படித்தான்.

"எங்க வீட்டு நாலுகாலு இருக்காரே அக்கா, கல்யாணம் ஆன புதுசுல என்னையும் கவுத்துப் பாத்திருப்பாரு, அடியில நம்பர் இருக்கான்னு. மாமியார் வீட்ல இருந்ததால தப்பிச்சேன்" என்பாள்.

அந்தக் கட்டடத்தின் வராந்தாவில் நான் டீ போடுகிறேன். என் வீட்டுக்காரர் அங்கே காவலாளியாக இருந்து போய்ச் சேர்ந்தார். அவர் போன அடுத்த மாதமே அடுப்பை வைத்துவிட்டேன். அழுதுகொண்டிருந்தால் யார் சோறு போடுவார்கள்? எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எந்த அறையில் எத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாலுகாலுக்கு நாற்காலி சொல்லும், எனக்கு டம்ளர் சொல்லும். இரண்டு பேருக்கும் எண்ணிக்கை ஒத்துப்போகும்.

ஆள் ஒல்லி. வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும். அந்தப் பக்கம்தான் நாற்காலி தொங்கவிட்டுக்கொண்டு போவார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாகத் திருப்புளி. நாற்காலியின் அடியில் எண் எழுதும் வெள்ளைப் பெயிண்ட் கட்டைவிரல் நகத்தில் எப்போதும் ஒட்டியிருக்கும். மகள் கல்யாணப் படத்திலும் அது இருக்கிறது.

கீழ்த்தளத்தில் சன்னல் இல்லாத அறை அவருடையது. உடைந்தது, ஒட்டியது, புதியது என்று கூரை வரை நாற்காலிகள். நடுவே அவர் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார்.

"ஏம்ப்பா, இத்தனை நாற்காலிய வச்சுக்கிட்டு டப்பா மேல உக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல?"

"என் பதவிக்கு நாற்காலி அனுமதி இல்லக்கா. விண்ணப்பம் போட்டிருக்கேன்."

"எப்பப் போட்ட?"

"இருபத்தாறு வருஷம் ஆச்சு."

கோபம் இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் வந்தது.

நாற்காலியின் காலைப் பார்த்து ஆளைச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மராமத்துக்கு ஒன்று வந்தால் தடவிப் பார்ப்பார். "முன்காலு ரெண்டும் தேஞ்சிருக்கு பாருங்க. மேல இருக்கறவர்கிட்ட குனிஞ்சு குனிஞ்சே பேசியிருக்காரு. பின்காலு தேஞ்சிருந்தா அவருக்குக் கீழ ஆளு இருக்குன்னு அர்த்தம். சாஞ்சு உக்காந்து மெரட்டியிருப்பாரு." ஒருநாள் நாலு காலும் புதுக்கருக்கு அழியாமல் ஒரு நாற்காலி வந்தது. "இது யாருது?" என்று கேட்டேன். "இவரு வேலைக்கே வரலக்கா" என்றார். விசாரித்தேன். அது ஒரு பெரிய மனிதரின் மருமகனுடையது. அவரை அந்தக் கட்டடத்தில் பார்த்தவர் இல்லை, சம்பளத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

அவருக்கு இருக்கிற சட்டம் ஒன்றுதான். ஒவ்வொரு நாற்காலியின் அடியிலும் ஒரு எண், பக்கத்தில் ஒரு பதவியின் பெயர். பதவி உண்டாக்கினால் மேலே நாற்காலி போகும். பதவி போனால் நாற்காலி கீழே வரும். "மனுஷனுக்கு இல்லக்கா நாற்காலி. பதவிக்கு" என்பார். மேலே போகிற நாற்காலியைப் பார்த்திருக்கிறேன். பதவி போய்க் கீழே வந்ததை, இனிமேல் சொல்லப்போகிற அந்த மூன்று நாளைக்கு முன் நான் பார்த்ததே கிடையாது.

இத்தனைக்கும் அந்தக் கட்டடத்தைப் பிடித்தவர்கள் எல்லாரும் அதைச் சுருக்குவதாகச் சொல்லித்தான் பிடித்தார்கள். முன்பு இருந்த பழைய கட்சி, "மக்கள் தலையில் ஏறாத நிர்வாகம்" என்று சொல்லி வந்தது. வந்ததும் துணைத் தலைவருக்கு ஓர் உதவியாளர், அந்த உதவியாளருக்கு ஒரு துணை, அந்தத் துணை விடுப்பில் போனால் பார்த்துக்கொள்ள ஒருவர். மக்கள் தலையில் ஏறவில்லை, மாடிப்படியில் ஏறினார்கள். நாலுகால்தான் மூன்று மாடி சுமந்தார்.

அடுத்து வந்தது சிக்கனக் கட்சி. "சின்ன நிர்வாகம், பெரிய ஊர்" என்று சுவர் தவறாமல் எழுதினார்கள். கூட்டத்தில் அவர்கள் தலைவர் பேசும்போது கையால் அறுத்துக் காட்டுவார், துணிக்கடைக்காரர் மாதிரி. "பாதி ஆபீசை மூடறேனா இல்லையா பாருங்க!" நானும் அவர்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். பாதி ஆபீஸை மூடினால் என் டீ வியாபாரமும் பாதி படுக்கும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பயப்பட்டிருக்கவே வேண்டாம்.

வந்த முதல் நாள், மன்றத் தலைவர் பதவிக்கு என்று இருந்த பழைய மர நாற்காலியை ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தானமாகக் கொடுத்தார். "எனக்கு நாற்காலி ஆசை இல்லை" என்று பேட்டி. மறுநாள் நிதிக் குழுவின் பேரில் கறுப்புத் தோல் நாற்காலி ஒன்று வந்து இறங்கியது. அதில் இரண்டு பேர் உட்காரலாம். தலைவர் ஒருவரே உட்கார்ந்தார், இடமும் மிச்சமில்லை.

இரண்டாம் நாள் "குறைப்புக் குழு" வந்தது. ஒன்பது நாற்காலி, மெத்தை வைத்தது. குறைப்புக் குழு சரியாகக் குறைக்கிறதா என்று பார்க்க ஒரு "கண்காணிப்புக் குழு". ஏழு நாற்காலி, சுழல்கிறது. ஒரு மாதம் உட்கார்ந்து சுழன்று, மன்றத்தில் இருந்த பன்னிரண்டு நிலைக்குழுக்களையும் ஒழித்தார்கள். தலைவர் பெரிய கத்தரிக்கோலால் பட்டியலை வெட்டுகிற மாதிரி எல்லாப் பத்திரிகையிலும் படம். அடுத்த வாரமே பத்தொன்பது "ஆலோசனை வட்டங்கள்" பிறந்தன. அதே ஆட்கள், அதே அறை, அதே நாற்காலி. முன்பு பன்னிரண்டு அறைக்கு டீ கொண்டுபோவேன், இப்போது பத்தொன்பது. எனக்கு லாபம்தான், பொய் சொல்வானேன்? ஆனால் முழங்கால் என்னுடையதல்லவா?

நாலுகாலைப் பார்த்து, "என்னப்பா, நாற்காலி கொறைஞ்சுதா?" என்று நான் கேட்டால், "நான் வேலைக்குச் சேந்தப்ப எரநூறு. இன்னிக்கு அறுநூத்திப் பன்னெண்டு. நடுவுல ஆறு தடவை கொறைச்சிருக்காங்க" என்பார். அவ்வளவுதான் அவர் அரசியல்.

பிரச்சினை எங்கே வந்தது என்றால், எதிர்க்கட்சியாக மாறிவிட்ட பழைய கட்சிக்காரர்கள் மன்றத்தில் எழுந்து, "ஒரு ஆளைக் கூட நீங்க கொறைக்கலையே, ஒரு பேரு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார்கள். ஒரு பெயர் தேவைப்பட்டது. கட்டடம் முழுக்கத் தேடினார்கள். ஒவ்வொருவருக்கும் மேலே ஒருவர் இருந்தார், அல்லது கீழே நாலு பேர். மேலேயும் கீழேயும் யாரும் இல்லாத ஒரே ஆள் கீழ்த்தளத்தில் டப்பாமேல் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு அப்போது இருபத்தெட்டு வருட வேலை. முப்பது முடிந்தால்தான் முழு ஓய்வூதியம். இருபத்தெட்டில் வெட்டினால் வருவது மருந்துக்கடையோடு சரி. மனைவிக்கு அந்த மருந்துக்கடை மாதம் தவறாமல் தேவை, மூச்சுக்கோளாறு. வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டத்தில் தீர்மானம் என்று முடிவாயிற்று. செவ்வாய்க்கிழமை அவள் இரைக்க இரைக்க என் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"இவரு பேச்சக் கேளுங்கக்கா. வேலை போகப்போகுது, போய் யார் காலையாவது பிடிங்கன்னு சொன்னா, எனக்கப்புறம் நாற்காலிய யாரு பாத்துக்குவாங்கன்னு கவலப்படறாரு."

"தலைவரைப் போய்ப் பாரேம்ப்பா" என்றேன் நானும்.

"பாத்தேங்க்கா. நல்லாத்தான் பேசினாரு. 'மனசுல வச்சுக்காத, நாட்டுக்கு ஒரு முன்மாதிரி வேணும்'னு சொன்னாரு. கையில இதக் குடுத்தாரு."

அது ஒரு சுற்றறிக்கை. போகிறவர் பொருள் அறையை ஒழுங்குபடுத்திவிட்டுப் போகவேண்டும் என்று யாரோ எழுத்தர் எழுதி, தலைவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டது. நாலுகால் அதை எனக்குப் படித்துக் காட்டினார். "ஒழிக்கப்பட்ட பதவிகள் மற்றும் குழுக்களின் நாற்காலிகள் அனைத்தையும் மூன்று நாட்களுக்குள் திரும்பப் பெற்று, அறையில் வைத்துப் பூட்டி, வெள்ளிக்கிழமை மன்றத்தில் சாவியை ஒப்படைக்க வேண்டும்."

படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார், திருப்புளிக்குப் பக்கத்தில். குசும்பா, கடமையா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க நான் படாத பாடு பட்டேன். அந்த முகத்தில் ஒன்றும் கிடைக்காது.

புதன்கிழமை சுகாதாரக் குழுவில் ஆரம்பித்தார். இப்போது அதற்குப் பெயர் நலவாழ்வு ஆலோசனை வட்டம். அதன் தலைவர் உட்கார்ந்து என் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் எந்திரிங்க."

"ஏன்யா?"

"நாற்காலி வேணும் சார்."

"யோவ், நான் உக்காந்திருக்கேன்ல?"

"உக்காந்திருக்கீங்க சார். ஆனா நீங்க இல்லையே."

"என்னது?"

"உங்கள ஒழிச்சாச்சு சார். போன மாசம் ஒம்பதாம் தேதி. படம்கூட வந்துச்சு."

"இப்ப நான் வட்டத்துத் தலைவர்யா!"

"வட்டத்துக்கு இன்னும் நாற்காலி அனுமதி வரல சார். கொள்முதல் குழுவுல விண்ணப்பம் போடணும்."

"போட்டுக்கறேன், போ."

"அந்தக் குழுவையும் ஒழிச்சிட்டீங்க சார்."

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் எழுந்து நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடிவந்து சிரித்தேன். வியாழக்கிழமை மாலைக்குள் பத்தொன்பது வட்டமும் நின்றுகொண்டே ஆலோசித்தன. அந்த இரண்டு நாள் அங்கே வேலை வேகமாக நடந்தது என்று எழுத்தர்களே சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு மன்றக் கூடத்துக்குள் போனார். உறுப்பினர்கள் உட்கார அங்கே முப்பத்து மூன்று நாற்காலி. எல்லாமே அந்தப் பன்னிரண்டு குழுக்களின் பேரில் வாங்கியவை. நாலு நாலாகத் தோளில் தொங்கவிட்டு இறக்கினார். தலைவரின் தோல் நாற்காலிக்கு மட்டும் காவலாளியைக் கைப்பிடிக்கக் கூப்பிட்டார். அதன் அடியைக் கவிழ்த்து எனக்குப் படித்துக் காட்டினார்: வெள்ளை எண், பக்கத்தில் நிதிக் குழு. ஒழிந்துபோன நிதிக் குழு.

பதினொரு மணிக்கு உறுப்பினர்கள் வந்தார்கள். வாசலிலேயே நின்றார்கள். கூடம் கல்யாணம் முடிந்த சத்திரம் மாதிரி இருந்தது. பின்னால் நாலு பத்திரிகைப் படக்காரர்கள்.

"எங்கய்யா நாற்காலி?" என்று தலைவர் கத்தினார்.

"உங்க உத்தரவுப்படி கீழ பூட்டியாச்சுங்கய்யா. சாவி இந்தாங்க" என்று நாலுகால் நீட்டினார்.

"மேல கொண்டு வா!"

"கொண்டு வரேங்கய்யா. எந்தக் குழு பேருக்குன்னு எழுதிக் குடுத்துருங்க."

எதிர்க்கட்சிப் பக்கம் ஒரே கூச்சல். "எழுதிக் குடுங்க! ஒழிக்கலன்னு எழுதிக் குடுங்க!" படக்காரர்கள் மின்னல் வெட்டினார்கள். தலைவர் அரசியல்வாதி, சும்மா இருப்பாரா? கையை உயர்த்தினார். "எங்களுக்கு நாற்காலி ஆசை இல்லை! மக்கள் நிற்கிறார்கள். நாங்களும் நிற்போம்!" அவர் கட்சியில் மற்றப் பதினெட்டுப் பேரும் கை தட்டினார்கள். நின்றுகொண்டே கூட்டம் நடந்தது. நான் தட்டோடு ஓரமாக நின்றேன். நாலுகால் சாவியோடு வாசலில் நின்றார்.

அவர் பெயரைப் படித்தார்கள். பொருள் அறைக் காப்பாளர் பதவி ஒழிப்பு. மன்றச் செயலர் ஒரு சுள்ளி உடம்புக்காரர், விதிப்புத்தகம் இல்லாமல் மூச்சு விடமாட்டார். வழக்கம்போலச் சொன்னார்: "ஆதரிப்போர் எழுந்து நிற்கவும்."

எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், "அட, நாங்களும் ஆதரிக்கறோமா?" என்றார். கூடமே சிரித்தது.

"கையைத் தூக்கச் சொல்லுய்யா" என்றார் தலைவர்.

"எழுந்து நிற்றல்னுதான் விதியில இருக்குங்கய்யா. விதியை மாத்தலாம்."

"மாத்து."

"அதுக்கும் ஆதரிப்போர் எழுந்து நிக்கணும்."

தலைவர் நெற்றியைத் துடைத்தார். படக்காரர்களைப் பார்த்தார். "சரி. தரையிலேயே உட்காருவோம்! ஏன், தரை நமக்குக் கேவலமா?" என்று அவரே முதலில் இறங்கினார். ஒரு கை சுவரில், ஒரு கை பக்கத்து ஆளின் தலையில். உட்கார்ந்ததும் கட்டடமே ஒரு பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது. மற்றவர்களும் முனகிக்கொண்டே உட்கார்ந்தார்கள். எத்தனை வருடம் கழித்து அவர்கள் தரையைத் தொட்டார்களோ.

செயலர் மேசைமணியை எடுத்து வைத்தார். மூன்று முறை அடிப்பார். மூன்றாவது அடிக்கும்போது நிற்கிறவர்கள் ஆதரவு. முப்பத்து மூன்றில் பதினேழு வேண்டும்.

முதல் மணி. இளவட்டங்கள் குதித்து எழுந்தார்கள். நலவாழ்வு வட்டத் தலைவர் சுவரைப் பிடித்து எழுந்தார். ஒருவர் அடுத்தவர் தோளைப் பிடிக்க, இருவரும் சேர்ந்து சாய்ந்தார்கள். மேலே இருந்தவர் எப்படியோ எழுந்துவிட்டார், கீழே இருந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தார். இன்னொருவர், "காலு மரத்துப்போச்சுங்க, காலு மரத்துப்போச்சு" என்று தொடையைக் குத்திக்கொண்டிருந்தார்.

இரண்டாம் மணி. செயலர் எண்ணினார். பதினாறு. தலைவர் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து ஒரு எக்கு எக்கினார். பாதி வந்து திரும்ப உட்கார்ந்தார். அவரைத் தூக்கவேண்டிய ஆட்கள் படக்காரர்களுக்கு முகம் காட்டி விறைப்பாக நின்றார்கள். அவர் நின்றால் பதினேழு.

வாசலில் நின்ற நாலுகால் நடந்து வந்தார். தலைவருக்கு முன்னால் குனிந்து கையை நீட்டினார்.

"பிடிச்சுக்கோங்கய்யா. எந்திரிங்க."

"டேய் நாலுகால், உனக்கு மூளை கீளை இருக்கா?" நான் கூட்டத்துக்கு நடுவே கத்திவிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தலைவர் அந்தக் கையைப் பார்த்தார். நகத்தில் வெள்ளைப் பெயிண்ட். பிறகு படக்காரர்களைப் பார்த்தார். நாலு பேரும் முட்டி போட்டுக் காத்திருந்தார்கள். யாரை வீட்டுக்கு அனுப்பப் போகிறாரோ அவர் கையைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி, நாளைக் காலை ஊர் முழுக்கப் படம். தலைவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். காலை மடக்கினார்.

"எனக்கென்ன? நான் வசதியாத்தான் உக்காந்திருக்கேன்."

மூன்றாம் மணி.

"பதினாறு. தீர்மானம் விழுந்தது" என்று சொல்லிக்கொண்டே செயலர் எழுதினார்.

எதிர்க்கட்சிக்காரர்கள் உட்கார்ந்தபடியே ஆரவாரம் செய்தார்கள். அவர்கள் தலைவர் தவழ்ந்து கதவுப் பக்கம் போய், நிலையைப் பிடித்து எழுந்து, பேட்டி கொடுக்க ஆரம்பித்தார். நாங்கள் வந்தால் இதையெல்லாம் இரண்டே நாளில் சுருக்கிவிடுவோம்; அதற்கு ஏழு பேர் கொண்ட ஒரு குழு போடப்போகிறோம். படக்காரர்கள் அவர் பின்னால் வராந்தாவுக்கு ஓடினார்கள். ஆளுக்கொரு பக்கமாகக் கூடம் காலியாயிற்று.

நாலுகால் இன்னும் அங்கேயேதான் குனிந்து நின்றார். நீட்டிய கையை மடக்கவில்லை. தலைவர் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தார். கேமரா ஒன்றும் இல்லை. நான் ஒருத்திதான். மெல்லத் தன் கையை எடுத்து அந்தக் கையில் வைத்தார். நாலுகால் ஒரு காலை முன்னால் ஊன்றி, இன்னொரு கையையும் அவர் அக்குளுக்குக் கீழே கொடுத்து, "மெதுவா, மெதுவா" என்று தூக்கினார்.